உடல் சுரந்த பித்து

கீட்டமின் என்ற மயக்க மருந்தைப் பற்றி எந்த மயக்கவியல் மருத்துவரிடம் கேட்டாலும் ஒரு விஷயத்தைச் சொல்வார். ஊசி ஏறிய பிறகும் நோயாளியின் கண்கள் திறந்தே இருக்கும், மூச்சு தானாக ஓடும், ஆனால் கத்தி படுவது தெரியாது. ஆள் அங்கே படுத்திருந்தாலும் அங்கே இருக்கமாட்டார். மருந்து இறங்கும் நேரத்தில் சிலர் அலறுவார்கள். சுவரில் உருவங்கள் தெரிகின்றன என்பார்கள், தன் உடம்பையே மேலிருந்து பார்த்ததாகச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்து தண்ணீர் கேட்பார்கள். கீட்டமினுக்கு முன்னோடியான பென்சைக்ளிடின் இன்னும் மோசம். 1950களில் மயக்க மருந்தாக வந்தது. அதைப் பெற்றவர்கள் மிரண்டும் பிதற்றியும் கண்டவர்மேல் சந்தேகப்பட்டும் எழுந்ததால், மனிதருக்குக் கொடுப்பதையே கைவிட வேண்டியதாயிற்று.

இரண்டு மருந்துகளும் மூளையில் ஒரே இடத்தைத்தான் அடைக்கின்றன. என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று அதற்குப் பெயர். அதை முடக்கும் பொருளை யாரும் ஊசியில் ஏற்றாமல் உடம்பே தயாரிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? அதுவும் ஒரு மணி நேரத்தில் இறங்காமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊறிக்கொண்டே இருந்தால்? அப்படி ஒரு நோய் இருக்கிறது என்பது 2007 வரை மருத்துவ உலகுக்குத் தெரியாது. அதற்கு முன்பும் அந்நோய் வந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் மனநலக் காப்பகங்களில் முடிந்துபோனார்கள் என்பதை இனி எண்ணிச் சொல்ல முடியாது.

மூளை செல்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் சந்திகளில் இந்த ஏற்பி இருக்கிறது. குளூட்டமேட் வந்து ஒட்டினால் மட்டும் அது திறந்துவிடாது. அதே நேரத்தில் அந்த செல் வேறு வழியிலும் தூண்டப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் வாயிலை அடைத்துக்கொண்டிருக்கும் மக்னீசியம் விலகி, கால்சியம் உள்ளே போகும். இரண்டு சமிக்ஞைகள் ஒன்றாக வந்தன என்பதைக் கண்டுகொள்ளும் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நாம் எதையும் கற்றுக்கொள்ளவோ நினைவில் வைக்கவோ முடியாது. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் இந்த ஏற்பிகள் மிக அதிகம்.

2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் டால்மாவின் குழு, நான்கு இளம் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. நால்வருக்கும் திடீரெனப் புத்தி பேதலித்தது, நினைவு தப்பியது, பிறகு மூச்சே தளர்ந்துபோனது. நால்வருக்குமே சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி இருந்தது. டெரட்டோமா விநோதமான கட்டி. முட்டையாக வேண்டிய செல் தறிகெட்டுப் பெருகுவதால், அதை அறுத்துப் பார்த்தால் முடி இருக்கும், பல் இருக்கும், கொழுப்பு இருக்கும். சிலவற்றில் மூளைத் திசுவும் இருக்கும். வயிற்றுக்குள் அனாதையாக வளர்ந்த அந்த நரம்புத் திசுவை நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அந்த எதிர்ப்பொருள்கள் உண்மையான மூளையிலும் அதே ஏற்பியைக் கண்டு பற்றிக்கொள்கின்றன. 2007இல் டால்மாவ் 12 பெண்களை ஆராய்ந்து, தாக்கப்படுவது என்.எம்.டி.ஏ. ஏற்பிதான் என்று நிறுவினார். 11 பேருக்குக் கட்டி சினைப்பையில் இருந்தது, ஒருவருக்கு மார்புக்கூட்டில்.

இந்த எதிர்ப்பொருள் மூளை செல்லைக் கொல்வதில்லை என்பதுதான் நோயின் மிக முக்கியமான செய்தி. எதிர்ப்பொருளின் வடிவம் உண்டிவில் கவட்டையைப் போன்றது. இரண்டு கைகளாலும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ஏற்பிகளைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. அப்படிக் கட்டுண்ட ஏற்பிகளை செல் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. சந்தியில் ஏற்பி குறைகிறது, செல் மட்டும் உயிரோடு இருக்கிறது. சோதனைத் தட்டில் வளர்த்த எலி நரம்பு செல்களில் நோயாளிகளின் எதிர்ப்பொருளை ஊற்றினார்கள், ஏற்பிகள் மறைந்தன. எதிர்ப்பொருளை நீக்கினார்கள், சில நாட்களில் ஏற்பிகள் மேற்பரப்புக்குத் திரும்பின. மாதக்கணக்கில் தன்னை மறந்து கிடந்த ஒரு பெண் படிப்பைத் தொடர்வது எப்படி என்பதற்கு விடை அந்தத் தட்டில் இருக்கிறது.

ஜப்பானிய மருத்துவர்கள் இப்படிப்பட்ட பெண்களை முன்பே கவனித்திருந்தார்கள். இளம் பெண்களுக்கு வரும், ஹெர்பெஸ் வைரஸால் வராத ஒருவகை மூளை அழற்சி என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருந்தார்கள். காரணம் மட்டும் பிடிபடவில்லை. டால்மாவின் கண்டுபிடிப்புக்குப் பிறகு, ஆண்டுக்கணக்கில் உறைநிலையில் பாதுகாத்த அந்த நோயாளிகளின் இரத்தத்தையும் மூளைத்தண்டுவட நீரையும் எடுத்துச் சோதித்தார்கள். அதே எதிர்ப்பொருள் இருந்தது. விடை தெரியாத காலத்தில் அந்த மாதிரிகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

நோய் பெரும்பாலும் சாதாரணமாகத்தான் தொடங்குகிறது. நாலைந்து நாள் தலைவலி, லேசான காய்ச்சல். வைரஸ் காய்ச்சல் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஓரிரு வாரத்துக்குள் நோய்கண்ட பெண்ணுக்குத் தூக்கம் போகிறது. இரவெல்லாம் பேசுகிறாள். பக்கத்து வீட்டார் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்கிறாள், டி.வி.யில் தன் பெயரைச் சொன்னார்கள் என்கிறாள். காரணமின்றிச் சிரிக்கிறாள், அடுத்த நிமிடம் அழுகிறாள். அதுவரை முன்கோபம்கூட வராத பெண் தாயை அடிக்கிறாள். பிறகு பேச்சு குறைகிறது, சொன்னதையே திருப்பிச் சொல்கிறாள், கடைசியில் ஒன்றும் பேசுவதில்லை. இதற்கிடையில் வலிப்பு வரலாம். உதடும் நாக்கும் எதையோ மெல்வதுபோல் ஓயாமல் அசையும். தூக்கிய கை தூக்கியபடியே நிற்கும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் தாறுமாறாக ஏறி இறங்கும், மூச்சு தளரும், சிலரை வெண்டிலேட்டரில் வைக்க வேண்டிவரும்.

2008இல் டால்மாவ் 100 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார். 91 பேர் பெண்கள், சராசரி வயது 23. அவர்களில் 77 பேருக்கு முதலில் மேலோங்கித் தெரிந்தவை மனநோய்க் குறிகளே. மனநல மருத்துவரிடம் போனதில் தவறு ஏதும் இல்லை. அங்கே போன பிறகு தேடல் நின்றுவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தேடல் எப்படி நிற்கும், எப்படித் தொடரும் என்பதற்கு சூசன்னா கஹாலனின் கதையைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 2009இல் அவர் 'நியூயார்க் போஸ்ட்' நாளிதழில் செய்தியாளர், வயது 24. படுக்கையில் மூட்டைப்பூச்சி மொய்க்கிறது என்று முதலில் நினைத்தார். இடது கை மரத்துப்போனது. காதலன்மேல் சந்தேகம் வந்தது. அலுவலகத்தில் அழுகையும் கும்மாளமும் மாறிமாறி வந்தன. பிறகு வலிப்பு. அவரைப் பார்த்த ஒரு நரம்பியல் மருத்துவர், அதிகமாகக் குடிக்கிறார், தூங்குவதில்லை, எல்லாம் அதனால்தான் என்றார். ஒரு மனநல மருத்துவர் இருதுருவக் கோளாறு என்றார். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்த்தபின் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், ஏராளமான இரத்தப் பரிசோதனைகள் செய்தார்கள். எல்லாம் 'நார்மல்'.

அப்போது வந்தவர் சோஹேல் நஜ்ஜார் என்ற நரம்பியல் மருத்துவர். அவர் நோயாளியின் கதையை முதலிலிருந்து கேட்டார். பிறகு ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். கஹாலன் வட்டம் போட்டார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வட்டத்தின் வலது பாதிக்குள் நெருக்கி எழுதினார். இடது பாதி வெறுமையாக இருந்தது. அது வெறுமையாக இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. இடப்பக்க உலகைக் கவனிப்பது மூளையின் வலது அரைக்கோளம். அங்கே அழற்சி இருக்கிறது என்று நஜ்ஜார் அந்தத் தாளிலிருந்தே ஊகித்தார். மூளைத் திசுவில் துளி எடுத்துப் பார்த்தபோது அழற்சி உறுதியானது. மூளைத்தண்டுவட நீர் டால்மாவுக்குப் போனது, எதிர்ப்பொருள் இருந்தது. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று என்று சிகிச்சை தொடங்கி, சில மாதங்களில் கஹாலன் வேலைக்குத் திரும்பினார். மருத்துவமனையில் கழிந்த ஏறத்தாழ ஒரு மாதம் அவர் நினைவில் பதியவே இல்லை. மருத்துவமனையின் வீடியோ பதிவுகள், மருத்துவக் குறிப்புகள், அப்பா எழுதிவைத்த நாட்குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு ஒரு செய்தியாளராகத் தன் கதையைத் தானே துப்பறிந்து 2012இல் புத்தகமாக எழுதினார்.

அவர் பின்னர் எழுதிய இன்னொரு புத்தகத்தில் வேறொரு பெண் வருகிறார். ஒரு மனநல மருத்துவமனையில் கஹாலன் தன் அனுபவத்தைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்ட மருத்துவர்களுக்குத் தங்கள் நோயாளி ஒருவர்மேல் சந்தேகம் வந்தது. சோதித்தார்கள், அதே நோய். ஆனால் அந்தப் பெண் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயின் பெயரோடு இரண்டு ஆண்டுகளைக் கழித்திருந்தார். பழைய நிலைக்கு அவர் திரும்பவே முடியாது என்றார்கள். இருவருக்கும் நோய் ஒன்று, வயதும் ஏறக்குறைய ஒன்று. நடுவில் இருந்தது காலம் மட்டும்.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. மொத்தம் 577 நோயாளிகள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் 18 வயது நிரம்பாதவர்கள். கட்டி இருந்தவர்கள் 38 சதவீதம் மட்டுமே. ஆக, கட்டி இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் கட்டி இருப்பதில்லை. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களில் 81 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். சிகிச்சை சீக்கிரம் தொடங்கியவர்களும் ஐ.சி.யூ. வரை போகாதவர்களும் அதிகம் தேறினார்கள். 30 பேர் இறந்தார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு, எல்லா மருத்துவர்களும் மனத்தில் வைக்க வேண்டியது. முதல் நான்கு வாரங்களுக்குள் 571 பேரில் 498 பேருக்கு எட்டு வகை அறிகுறிகளில் நான்கோ அதற்கு மேலோ வந்துவிட்டன. ஒரே ஒரு அறிகுறியோடு நின்றவர்கள் வெறும் 6 பேர். அதாவது நோய் வெறும் மனநோய் வேடத்தோடு நெடுநாள் நிற்பதில்லை. வலிப்போ, வாய் அசைவோ, பேச்சுக் குறைவோ, நினைவுத் தடுமாற்றமோ கூடவே வந்துவிடுகிறது. ஏற்கெனவே ஒரு பெயர் வைத்துவிட்ட கண்ணுக்கு அவை தெரியாமல் போகின்றன. வலிப்பை 'நடிப்பு' என்று எழுதுகிறார்கள். வாய் அசைவுக்கும் கை கால் விறைப்புக்கும் மனநோய் மாத்திரையின் பக்கவிளைவு என்று காரணம் சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தக் காரணம் பாதி உண்மையாகவும் இருக்கலாம். இந்நோயாளிகளுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, நிலைமை மோசமாகும். மருந்து கொடுத்தபின் ஒருவர் இப்படிச் சரிந்தால் மருந்தின் அளவை மட்டும் யோசிக்காமல் நோயையே மறுபடி யோசிக்க வேண்டும்.

கட்டி இல்லாதவர்களுக்கு நோய் ஏன் வருகிறது? பலருக்கு விடை இல்லை. சிலருக்கு ஹெர்பெஸ் வைரஸால் வந்த மூளைக்காய்ச்சல் வழிவகுக்கிறது. வைரஸ் மூளை செல்களைச் சிதைக்கும்போது உள்ளே இருந்தவை வெளிப்பட்டு எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படுகின்றன. ஸ்பெயினில் இப்படிப்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அடுத்த சில மாதங்களுக்குள் தன்னுடல் தாக்கும் மூளை அழற்சி வந்தது. மூளைக்காய்ச்சல் குணமாகி வீட்டுக்கு வந்த பிள்ளை சில வாரங்களில் மறுபடி தடுமாறினால், 'பழைய நோயின் மிச்சம்' என்று விட்டுவிடக் கூடாது.

பெர்லின் உயிரியல் பூங்காவின் க்னூட் என்ற பனிக்கரடியை இங்கே சொல்லியாக வேண்டும். 2006இல் பிறந்து, தாய் கைவிட்டதால் மனிதர் கையில் வளர்ந்து, உலகப் புகழ் பெற்ற கரடி. 2011 மார்ச் 19 அன்று பார்வையாளர்கள் கண்ணெதிரே வலிப்பு வந்து குளத்தில் விழுந்து மூழ்கி இறந்தது. மூளையில் அழற்சி இருந்தது. வைரஸாக இருக்கும் என்று தேடித்தேடிப் பார்த்தும் எதுவும் சிக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த பெர்லின் நரம்பியல் மருத்துவர் ஹரால்ட் ப்ரூஸுக்குத் தன் நோயாளிகள் நினைவுக்கு வந்தார்கள். கரடியை ஆராய்ந்த அலெக்ஸ் கிரீன்வுட்டைத் தொடர்புகொண்டார். பாதுகாத்து வைத்திருந்த திரவத்தில் என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தது. 2015இல் முடிவு வெளியானது. விலங்கொன்றுக்கு இந்நோய் உறுதியானது அதுவே முதல்முறை. கரடிக்குப் பித்துப் பிடித்தது, வளர்ப்பு சரியில்லை, காதல் தோல்வி என்றெல்லாம் யாரும் சொல்லி முடிக்கவில்லை. மூளையைத் திறந்து பார்த்தார்கள். மனிதப் பெண்ணுக்கு இந்தக் காரணங்களையெல்லாம் நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!

என்.எம்.டி.ஏ. ஏற்பி மட்டுமே இலக்கு என்றும் இல்லை. நடுவயது தாண்டியவர்களில் எல்.ஜி.ஐ.1 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் நினைவையும் குணத்தையும் குலைக்கிறது. முகத்தின் ஒரு பக்கமும் அதே பக்கத்துக் கையும் நொடிப்பொழுது வெட்டி இழுப்பது அதன் அடையாளம். இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும். முதுமை மறதி என்று தள்ளிவிடப்படுவோர் இதில் உண்டு. தன்னுடல் தாக்கும் நோயான லூபஸும் மூளையைத் தாக்கும். ஒரு பெண் 21 வயதில் புத்தி பேதலித்து, ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரோடு நியூயார்க் மாநிலத்தின் ஒரு மனநல மருத்துவமனையில் பேச்சின்றி, யாரையும் அறியாமல் கிடந்தார். மாணவராக இருந்தபோது அவரைப் பார்த்த சாண்டர் மார்க்ஸ் என்ற மனநல மருத்துவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தும் அவர் அங்கேயே அப்படியே இருக்கிறார் என்று அறிந்தார். அவரை மீண்டும் முழுமையாகப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார். லூபஸ் மூளையைத் தாக்குவது தெரிந்தது. ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும் கொடுத்தார்கள். கடிகாரம் வரையச் சொன்னால் முன்பு கிறுக்கியவர், சிகிச்சை தொடரத் தொடர அரைக் கடிகாரமும் பிறகு ஏறக்குறைய முழுக் கடிகாரமும் வரைந்தார். குடும்பத்தினரை அடையாளம் காணும் நிலைக்கு வந்தார். இந்தக் கதவைத் திறந்தவர் ஒரு மனநல மருத்துவர்தான் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் பலர் வீட்டில் ஸ்கிசோஃப்ரினியாவோடு வாழும் பிள்ளையோ சகோதரியோ இருக்கலாம். அவர்களிடம் பொய் நம்பிக்கை விதைக்க எனக்கு விருப்பம் இல்லை. என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளை அழற்சி அரிய நோய். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்குத்தான் வருகிறது. மனச்சிதைவு அதைவிடப் பல மடங்கு அதிகம், அதற்கு வேறு வேர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வந்த நோய், மருந்தில் அடங்கியிருக்கும் நோய், இந்தக் கதையைச் சேர்ந்ததாக இருக்கும் வாய்ப்பு குறைவு. மாத்திரையை நிறுத்திவிட்டு ஆய்வகங்களைத் தேடி ஓட வேண்டாம். ஸ்கிசோஃப்ரினியாவும் மூளையில் நிகழ்வதுதான். அழற்சி இருந்தால் 'உண்மையான நோய்', இல்லாவிட்டால் 'மனசு சரியில்லை' என்று தரம் பிரிப்பது அந்த நோயாளிகளுக்கு நாம் செய்யும் அநியாயம்.

நம் ஊரில் தாமதத்துக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. இளம்பெண் இரவில் எழுந்து புரியாத மொழியில் பேசினால், காத்து கருப்பு அடித்துவிட்டது என்று சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. வேண்டுதலை யாரும் தடுக்கப்போவதில்லை. அது மருத்துவமனைக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். மருத்துவரிடம் போகும்போது 'பொண்ணு ஏதேதோ பேசுதுங்க' என்பதோடு நிறுத்தாமல், எந்தத் தேதியில் தலைவலி வந்தது, எந்த இரவு தூக்கம் போனது, முதல் வலிப்பு எப்போது, மாத்திரை கொடுத்தபின் என்ன மாறியது என்று எழுதிக்கொண்டு போங்கள். கைபேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோ நரம்பியல் மருத்துவருக்குப் பெரிய உதவி. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இந்நோயாளிகளை நன்கு அறிந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

பரிசோதனைக்கு முதுகுத்தண்டில் ஊசி போட வேண்டும் என்றதும் குடும்பம் கலங்குகிறது. இடுப்பு விளங்காமல் போய்விடும் என்ற பயம்தான் பலருக்கு. உண்மையில் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, நீர் நிறைந்த இடத்தில். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்வார்கள். தோல் மரத்துப்போக மருந்து போட்டபின் மெல்லிய ஊசி உள்ளே போகும். சில மில்லிலிட்டர் தெளிந்த நீர் சொட்டுச்சொட்டாகக் குழாயில் விழும். பிறகு ஓரிரு நாள் தலைவலி இருக்கலாம். இரத்தப் பரிசோதனை மட்டும் போதுமே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 2014இல் வந்த ஆய்வில் இந்நோயாளிகள் எல்லோருடைய மூளைத்தண்டுவட நீரிலும் எதிர்ப்பொருள் இருந்தது. இரத்தத்தில் தேடியபோது ஏழு பேரில் ஒருவர் தவறிப்போனார். எம்.ஆர்.ஐ. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சரியாகவே இருக்கும் என்பதால் அதை நம்பியும் விட்டுவிட முடியாது. பெண்ணாக இருந்தால் வயிற்று ஸ்கேனும் அவசியம். சினைப்பையில் கட்டி தெரிந்தால் அதை எடுப்பதே சிகிச்சையின் முதல் படி.

எதிர்ப்பொருள் முடிவு வர நாட்கள் ஆகும். தொற்று இல்லை என்று உறுதிசெய்தபின், அறிகுறிகள் பொருந்தினால், முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டையும் இம்யூனோகுளோபுலினையும் தொடங்கலாம் என்று 2016இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வகுத்த நெறிமுறை இடம் தருகிறது. சில வாரங்களில் அசைவு இல்லாவிட்டால் ரிட்டுக்சிமாப் அல்லது சைக்ளோபாஸ்பமைடு. தேறுவது மெதுவாகத்தான் நடக்கும். மூச்சும் நாடியும் முதலில் சீராகும், பிறகு அசைவுகள் அடங்கும், பேச்சு வரும். குணமும் நினைவும் திட்டமிடும் திறனும் கடைசியில் திரும்பும், அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு மேலும் ஆகலாம். கண் விழித்துவிட்டாள், நடக்கிறாள் என்பதற்காக அடுத்த மாதமே தேர்வுக்கு அனுப்பாதீர்கள்.